எழுநூறு கிலோ

இவர் இருபத்தாறு வருடம் கொன்டெய்னர் லொறி ஓட்டியவர். மொன்றியல் துறைமுகத்தில் பெட்டியைக் கொளுவிக்கொண்டு ரொறன்ரோவுக்கும் ஹலிஃபக்ஸுக்கும் போய்வருவார். கலியாணமான முதல் பத்து வருடத்தில் நான் என் கணவரின் முகத்தைப் பார்த்ததைவிட, கதவடியில் கிடந்த அவருடைய பயணப் பையைப் பார்த்ததுதான் அதிகம். பிறகு சீனி வருத்தம் வந்தது. குளிசையோடு நின்ற வருத்தம் இன்சுலின் ஊசிக்கு ஏறியது. இரண்டு முறை சீனி இறங்கித் தலை சுற்றியதும் டொக்டர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினார். சில வாரங்களில் கடிதம் வந்தது. கார் ஓட்டலாம், பெரிய லொறி இனி ஓட்டக்கூடாது.

அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"மறக்காம இருக்கத்தான்" என்றார்.

மறக்கிற ஆளா இவர்? மகள் ஒரு நாள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

பிறகு வேறு வேலை கிடைத்தது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் கதிரையில் இருந்து, வருகிற லொறிகளுக்கு எந்த வாசல் என்று சொல்ல வேண்டும். பசித்தவனைச் சாப்பாட்டுக் கடை வாசலில் காவலுக்கு வைத்த கதைதான். அந்தக் கோபத்தையெல்லாம் எங்கள் சின்னக் காரில் காட்டினார். எங்கள் வீடு செயின்ட்-மிஷேலில், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கோட்-டெ-நெய்ஜில். மெட்ரோவில் ஏறினால் எங்கும் மாறாமலே போய் இறங்கலாம். இவர் விட மாட்டார். நாற்பது நிமிடம் முந்தியே என்னைக் கொண்டுபோய் இறக்குவார். திருப்பங்களில், பின்னால் நாற்பதடிப் பெட்டி வருகிற நினைப்பில், பக்கத்து லேன் வரை போய் வளைத்து எடுப்பார். சைக்கிளில் வந்தவர்கள் பிரெஞ்சில் எங்களை நாலு தலைமுறைக்குத் திட்டினார்கள். நான் யன்னலை மூடிக்கொண்டு 'மெர்ஸி, மெர்ஸி' என்று தலையாட்டிப் பழகினேன்.

சென்ற வருடம் செப்டம்பரில் மூன்று பேரும் அப்பிள் பிடுங்கப் போனோம். திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் அது நின்றது. வெள்ளை நிறம், வீட்டின் நீளம், முன்பக்கம் மாடி போல மேலே ஏறி முன்னுக்கு நீண்டிருந்தது. 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டை. இவர் சிக்னல் போடாமலே பிரேக் அடித்துத் திரும்பினார். சிக்னல் போடாமல் இவர் திரும்பியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விற்றவர்கள் ஒரு வயதான கியூபெக் தம்பதி. அந்த அம்மா எனக்கு உள்ளே திறந்து காட்டினார். இவர் உள்ளே வரவே இல்லை. முன்பக்க மாடிக்குக் கீழே குனிந்து, அங்கே தொங்கிய தடித்த இரும்பு முளையைத் தடவிக்கொண்டு நின்றார். சாதாரண ட்ரெய்லரைக் காரின் பின்பக்கத்தில் கொளுவுவார்கள். இந்த வகை அப்படியல்ல. பிக்கப் ட்ரக்கின் பின்தட்டு நடுவில், பின் சில்லுகளுக்கு மேலே, ஒரு இரும்புத் தாடை பூட்டியிருக்க வேண்டும். ட்ரெய்லரின் முளை அதற்குள் வந்து உட்கார்ந்ததும் தாடை மூடிக்கொள்ளும். ஃபிஃப்த் வீல் என்பார்கள். கொன்டெய்னர் லொறியிலும் இதே பூட்டுத்தான்.

"இஞ்ச பாருமப்பா" என்றார். "இது எங்கட சாமான்."

அந்த முகத்தை நான் ஒன்றரை வருடமாகக் காணவில்லை. எனக்கும் உள்ளே ஒரு விஷயம் பிடித்துவிட்டது. மூன்று அடுப்பு, ஒரு ஓவன், பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே ஒரு பெரிய யன்னல். ஆக, இவர் வெளியிலும் நான் உள்ளேயுமாக, ஆளுக்கு ஒரு காரணத்தோடு மயங்கி நின்றோம். அடுத்த ஜூலையில் காஸ்பே கடற்கரைக்குப் போவது என்று அங்கேயே முடிவாயிற்று. அந்த ஐயாவே தன் ட்ரக்கில் அதை இழுத்துவந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இவர் சிநேகிதர் ஒருவருடைய வளவில் விட்டார். அந்த ட்ரக்குக்குப் பின்னால் நான்கு சில்லுகள் இருந்தன. நான் சமையல் யன்னலுக்கு என்ன நிறத்தில் திரை தைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. தேர் வாங்கியாகிவிட்டது, இழுக்கத்தான் ஒன்றும் இல்லை.

பனி முடியும் வரை காத்திருந்து, மே மாதம் ட்ரக் வாங்கினார். பழைய கார்கள் வாங்கி விற்கும் எங்கள் ஊர் ஆள் ஒருவரிடம்தான். அவரை எல்லோரும் கார் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கறுப்பு நிறம், தோல் இருக்கை, முகம் பார்க்கலாம் போல மினுக்கம்.

"ஐயாயிரம் கிலோ இழுக்கும் அண்ணை. உங்கட ட்ரெய்லர் எவ்வளவு?" என்று கேட்டார் கார் அண்ணை. இவரும் அவரை அண்ணை என்பார், அவரும் இவரை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இன்று வரை தீரவில்லை.

"நாலாயிரத்து நானூறு. புத்தகத்தில போட்டிருக்கு."

"பேந்தென்ன? அறுநூறு கிலோ மிச்சம் கிடக்கு. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம்."

கண்ணை மூடித்தான் வாங்கினோம். நல்ல நாள் பார்த்து, கோயில் வாசலில் நிறுத்தி, ஐயர் வந்து சந்தனம் வைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். பின்தட்டில் புதிதாகப் பூட்டிய இரும்புத் தாடைக்கும் குங்குமம் வைக்கச் சொல்லி இவர் ஐயரை ஏணியில்லாமல் ஏற்றியது தனிக் கதை. எங்கள் ஆட்களின் வழக்கமே இதுதான். வாகனத்துக்கு நட்சத்திரம் பார்ப்போம், ராகுகாலம் பார்ப்போம், கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம்.

நான் பார்த்தேன். அதுவும் அன்றைக்கே, அர்ச்சனைத் தட்டை எடுக்க டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தபோது. கதவு மூடும் இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எழுநூறு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் இருந்தது. அதை வாசித்தது என் கெட்டித்தனம் இல்லை, வேலைப் பழக்கம். ஆஸ்பத்திரியில் நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவது என் வேலை. அதற்கு ஒரு தூக்கும் இயந்திரம் உண்டு. அதன் கையில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். ஆளின் நிறை தெரியாமல் அதில் கை வைத்தால் வேலை போய்விடும். அதனால் எதைக் கண்டாலும் அது எவ்வளவு தாங்கும் என்று என் கண் தேடும். கலியாண மண்டபத்தில் லிஃப்டில் ஏறினால்கூட ஆட்களை எண்ணுவேன்.

"என்னப்பா, ட்ரெய்லரின்ர பாரம் இந்த எழுநூறுக்குள்ள வருமோ?" என்று கேட்டேன்.

இவர் சிரித்தார். "அது இழுக்கிற பாரம். இது ஏத்திற பாரம். உமக்கு உது விளங்காது, விடும்."

விடு என்றால் விடுகிற ஆள் நான் இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள், எந்தப் பெட்டியிலும் உள்ள சின்ன எழுத்தை முதலில் வாசிக்கிற பழக்கம் அவளுக்கும் உண்டு. ஒரு மணித்தியாலம் ஃபோனில் தேடிவிட்டுத் தகப்பனுக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, நீங்கள் இழுக்கிறதையும் சுமக்கிறதையும் மிக்ஸ் பண்ணுறீங்கள். இந்த டைப் ட்ரெய்லரில அஞ்சில ஒரு பங்கு, சிலவேளை அதுக்கும் மேல, ட்ரக்குக்கு மேலதான் இருக்கும். அது அந்த எழுநூறுக்குள்ள வரவேணும். நாங்கள் மூண்டு பேரும் அதுக்குள்ளதான்."

கணக்கு எனக்கே விளங்கியது. நாலாயிரத்து நானூறில் ஐந்தில் ஒன்று என்றாலே எண்ணூற்றுச் சொச்சம். அதுவும் வெறும் ட்ரெய்லர், உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாமல்.

இவர் எழும்பிவிட்டார். "நான் இருபத்தாறு வருசம் முப்பது தொன் இழுத்தனான். எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் படிப்பிக்கிறியளோ?"

முப்பது தொன் இழுத்தது உண்மை. ஆனால் பெட்டிக்கு ஏற்ற லொறி எது என்று பார்த்தவர்கள் கொம்பனியில் வேறு ஆட்கள். லொறியும் அந்தப் பாரத்தைச் சுமக்கவென்றே பத்துச் சில்லோடு செய்தது. இவர் கைக்குச் சாவி மட்டும்தான் வரும். இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். பிறகு, கோபமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லைசன்ஸை டொக்டர் எடுத்தார். மிச்சத்தை நீங்கள் எடுங்கோ."

இவருக்கு இது விடுமுறைப் பயணம் இல்லை, ட்ரக்கும் இல்லை. திரும்பவும் ஒரு பாரத்தைப் பின்னால் கொளுவி நெடுஞ்சாலையில் ஏறலாமா, இல்லையென்றால் அந்தக் கண்ணாடி யன்னலுக்குப் பின்னாலேயே காலம் முடியுமா என்பதுதான். அது தெரிந்தும் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு அந்த ட்ரக்கில் என் பிள்ளையை ஏற்றுவது? நான்கு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. தேத்தண்ணியைக்கூட மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "தேத்தண்ணி" என்று சொல்வேன்.

ஐந்தாம் நாள் இவரே வந்தார். "தராசில நிறுத்துப் பாப்பம். தாள் சொல்லட்டும்."

டிரைவருக்கு மனைவியில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் நிறுவைத் தாளில் நம்பிக்கை உண்டு. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பயணத்துக்கு எப்படி ஏற்றுவோமோ அப்படியே ஏற்றித்தான் நிறுக்க வேண்டும். இவர் உடனே சம்மதித்தார். அந்தச் சம்மதத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வளவுக்குப் போய் ஏற்றினோம். அரிசி ஒரு மூட்டை. மாவரைக்கும் கிரைண்டர், கல்லோடு. இடியப்ப உரல், தட்டுகள், அவிக்கிற பானை. ஆட்டிறைச்சிக்குப் பெரிய சட்டி, அதற்கு வெளியில் வைக்கிற காஸ் அடுப்பு, சிலிண்டர் இரண்டு. திருவலை, தேங்காய் ஒரு சாக்கு. மிளகாய்த்தூள் இரண்டு மாதத்துக்கு. ஐஸ் பெட்டி மூன்று, உறைந்த நண்டும் இறாலும் நிறைய. பிளாஸ்டிக் கதிரை பன்னிரண்டு.

"பன்னிரண்டு ஏன்? நாங்கள் மூண்டு பேரல்லோ" என்றாள் மகள்.

"ஆரும் வந்தால்?"

"காஸ்பேக்கு ஆரம்மா வரப்போகினம்?"

யாராவது வருவார்கள். தமிழர் இல்லாத இடம் என்று ஒன்று இருக்கிறதா? இவ்வளவையும் முன்பக்க மாடியை ஒட்டிக் கீழே உள்ள பெரிய சாமான் அறைக்குள் அடுக்கினேன். அங்கேதான் இடம் அதிகம். தண்ணீர்த் தாங்கியையும் நிரப்பச் சொன்னேன். இவர் கை கட்டி நின்று பார்த்தார். பிறகு ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்தார். ஒரே முயற்சியில், ஒரு விரல் அகலம்கூடப் பிசகாமல் முளை தாடைக்குள் போய் 'கடக்' என்று பூட்டியது. எங்களுக்குள் கோபம் இருந்தாலும் அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மகள் கைதட்டினாள்.

பிறகு ட்ரெய்லரின் முன்கால்களை மடக்கினார். ட்ரக்கின் பின்பக்கம் இறங்கியது, இன்னும் இறங்கியது. சைக்கிள் கரியரில் இரண்டு அரிசி மூட்டை வைத்தால் முன் சில்லு நிலத்தில் நில்லாமல் அந்தரிக்குமே, அப்படி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முன் சில்லில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது என்று எனக்கு இவர்தான் ஒரு காலத்தில் சொல்லித் தந்தவர். இப்போது அவர் அதைப் பார்க்காத மாதிரி டயரைக் காலால் தட்டினார்.

பழைய இரும்பு வாங்கும் இடம் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே லொறியோடு நிறுக்கும் பெரிய தராசு உண்டு. நடக்கிற வேகத்தில் போனோம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இவரோடு துறைமுகத்தில் ஓடியவர்கள். எங்கள் ஆள் ஒருவர் லொறியில் இருந்து தலையை நீட்டினார்.

"அண்ணை, ட்ரக் என்ன, ஆகாசத்தைப் பார்த்துக் கும்பிடுது?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இவர் கையைக் காட்டினார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது. முதலில் ட்ரக்கின் சில்லுகள் மட்டும் தராசில் நிற்க, ட்ரெய்லரின் சில்லுகள் வெளியே இருக்க ஒரு நிறை. அடுத்தது ட்ரெய்லரின் சில்லுகள் மட்டும். பிறகு ஒரு ஓரமாகக் கழற்றிவிட்டு, வெறும் ட்ரக்கோடு வந்து இன்னொரு நிறை. மூன்று தாள். முதலாவதில் இருந்து மூன்றாவதைக் கழித்தால் ட்ரக்கின் முதுகில் ட்ரெய்லர் எவ்வளவு குந்தியிருக்கிறது என்று தெரியும். இந்த வழி இவர் சொன்னதுதான். வேலை தெரிந்தவர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

இவர் தாளை பானெட்டில் வைத்துக் கழித்தார். ஆயிரத்து நூற்று அறுபது கிலோ. ட்ரக் சுமக்கக் கூடியது எழுநூறு. அதில் நாங்கள் மூன்று பேரும் இருநூற்றுப் பத்து, இரும்புத் தாடை எழுபது. மிச்சம் நானூற்று இருபது கிடைக்கிற இடத்தில் ஆயிரத்து நூற்று அறுபது ஏறி நின்றது. நான் சொன்னது சரி என்று எழுதிய தாளை நான் கையில் எடுக்கவே விரும்பவில்லை. இவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இவர் ட்ரெய்லரின் சில்லுகளை நிறுத்த மற்றத் தாளையும் அதோடு கூட்டிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும். ட்ரெய்லரின்ர முழு நிறை ஐயாயிரத்து முந்நூறு. வெறும் ட்ரெய்லர் நாலாயிரத்து நானூறு. மிச்சத் தொளாயிரம் கிலோவும் என்னப்பா?"

நான் ஓரமாக நின்ற ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தண்ணி ஒரு இருநூறு. மிச்சம் எழுநூறும் உம்மட குசினி. தினமும் ஆக்களை நிறுத்துத் தூக்கிறீர். உம்மட கிரைண்டரை ஒருக்காலும் நிறுக்கேல்லையோ?"

மகள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு இவர். பிறகு நான், சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ட்ரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மினுங்கிற ட்ரக் தாங்கக்கூடிய முழுப் பாரமும் என் குசினி ஒன்றிலேயே இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று இவரைப் பார்த்துச் சொல்ல வைத்திருந்த பழமொழியை நானே விழுங்கினேன்.

சிரிப்பு அடங்கியதும் இவர் ட்ரெய்லரின் படியில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். "சாமான் எல்லாத்தையும் இறக்கினாலும் காணாது" என்றார். "வெறும் ட்ரெய்லருக்கே இது காணாது. தெரிஞ்சுகொண்டு இதை நான் ரோட்டில இழுத்தால், பேந்து நான் டிரைவர் இல்லை."

நான் அவர் முழங்காலில் கை வைத்தேன். வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்த வார்த்தையைக் கேட்கும் வரை, இவர் லொறி ஓட்டிய இருபத்தாறு வருடத்தையும் நான் இவ்வளவு மதித்ததில்லை.

அதன் பிறகு நடந்தது ஒரு மாப்பிள்ளை தேடும் படலம். தராசுத் தாள் மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ட்ரக் பார்க்கப் போவோம். விற்கிறவர்கள் எஞ்சினைத் திறந்து காட்டுவார்கள், ரேடியோவைப் போட்டுக் காட்டுவார்கள். இவர் எதையும் பார்க்காமல் நேரே போய் டிரைவர் கதவைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை வாசிப்பார். எழுநூற்றைம்பது. "வேண்டாம்." ஆயிரத்து முந்நூறு. "கிட்ட வந்திருக்கு, ஆனால் வேண்டாம்." பின் அச்சு எவ்வளவு தாங்கும், டயர் எவ்வளவு தாங்கும், ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்தம் எவ்வளவு என்று வேறு கேள்விகள். ஒரு இடத்தில் விற்பவர் என்னிடம் வந்து, இந்த மிஸ்யூ, அதுதான் ஐயா, இன்ஸ்பெக்டரா என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம், விலை குறைந்திருக்கும்.

ஜூன் கடைசியில் குதிரை வளர்க்கும் ஒரு அம்மாவிடம் பொருத்தம் அமைந்தது. பத்து வயது ட்ரக். வெள்ளை என்று சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சில்லு, இடுப்பு அகலம், உள்ளே குதிரை வாசம். இவர் கதவைத் திறந்து ஸ்டிக்கரை வாசித்தார். பிறகு சத்தமாக, எனக்குக் கேட்கவென்றே, ஆறுதலாக வாசித்தார்: "இரண்டாயிரத்து இருநூறு."

எனக்கு நாதஸ்வரம் கேட்டது. கார் அண்ணை கறுப்பு ட்ரக்கை முணுமுணுத்துக்கொண்டு திருப்பி எடுத்தார். "அண்ணை, நான் இழுக்கும் எண்டுதான் சொன்னனான், சுமக்கும் எண்டு சொன்னனானோ?" என்று கேட்டதற்கு இவர் சாவியைத்தான் நீட்டினார். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நான் சொன்னேன், அது யாருக்கு என்று சொல்லவில்லை. கிரைண்டரை வீட்டில் விட்டேன். கதிரையை ஆறாக்கினேன். தண்ணீரை அங்கே போய் நிரப்புவதென்று தீர்மானம். கோயிலில் ஐயர் எங்களைப் பார்த்து "திரும்பவுமோ?" என்று கேட்டார். இந்த முறை ஆறு தேசிக்காய். பூசைக்கு முன்னமே தராசில் நிறுத்துவிட்டோம் என்று இவர் ஐயருக்குத் தாளைக் காட்டினார், ஐயரும் ஏதோ விளங்கினது போலத் தலையாட்டினார்.

ஜூலையில் ஒரு காலை புறப்பட்டோம். நான் முன்னால், மகள் பின்னால், நடுவில் பிளாஸ்கில் தேத்தண்ணி. இவர் ஊசி போட்டு, சாப்பிட்டு, சீனி பார்த்து, வந்த இலக்கத்தை எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டுத்தான் சாவியைத் தொட்டார். பாலம் கடந்து இருபதாம் நெடுஞ்சாலையில் ஏறியதும் ட்ரக் அசையாமல் ஓடியது. இவர் கைகள் இரண்டும் ஸ்டியரிங் வளையத்தில், கண் பக்கக் கண்ணாடிகளுக்கும் பாதைக்கும் மாறிமாறிப் போய்வந்தது. இத்தனை வருடத்தில் இவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் பையோடு போவதையும் பையோடு வருவதையும்தான் கண்டிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பாதையோரத்தில் மஞ்சள் விளக்குகள் மின்னின. லொறிகள் எல்லாம் உள்ளே வந்து நிறை காட்ட வேண்டும் என்கிற பலகை. இவர் சிக்னல் போட்டார்.

"என்னப்பா, எங்க போறீங்கள்? அது லொறிக்கல்லோ!" என்று கத்தினேன்.

"அப்பா, நோ, நோ" என்றாள் மகள்.

அதற்குள் நாங்கள் உள்ளே. முன்னால் ஒரு லொறி, பின்னால் இரண்டு லொறி. நடுவில் காஸ்பேக்கு நண்டு கொண்டுபோகும் நாங்கள். தராசில் ஏறி நின்றதும் சீருடை போட்ட ஒரு இளம் பெண் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். பொன்ஜூர் சொன்னாள். கேம்பிங் போகிறவர்கள் இங்கே வரத் தேவையில்லை மிஸ்யூ, போகலாம் என்றாள்.

இவர் யன்னலை முழுக்க இறக்கினார். துறைமுகத்தில் பழகிய பிரெஞ்சில், தனக்கு அது தெரியும் என்றும், இருபத்தாறு வருடம் லொறி ஓட்டியதாகவும், கை தானாகத் திரும்பிவிட்டதாகவும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வந்ததும் வந்துவிட்டேன், நிறையைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். கேட்கும்போது குரல் இறங்கியிருந்தது.

அவள் இவரை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து, ட்ரக்கின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லரின் அச்சுகள் என்று ஒவ்வொன்றாக நிறையைச் சொன்னாள். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் அளவுக்குள். அவள் கதவை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிவிட்டு, முன்னால் போன லொறிக்காரனுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "பொன் ரூத், ஷோஃபர்."

நல்ல பயணம், டிரைவர்.

இவர் 'மெர்ஸி' என்றார், ஆனால் ட்ரக்கை எடுக்கவில்லை. முன்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது. நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"லொறிக்காரன் எண்டு இனி என்னை ஒருத்தரும் தராசில மறிக்க மாட்டினம் எண்டு நினைச்சனான்" என்றார்.

மகள் பின்னால் இருந்து எட்டி இவர் தோளைப் பிடித்தாள். நான் பிளாஸ்கைத் திறந்து இவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். பின்னால் நின்ற லொறி ஹோர்ன் அடித்தது. இவர் யன்னலால் கையை நீட்டிப் பொறு என்று காட்டிவிட்டு, இரண்டு கண்ணாடியையும் பார்த்து, ஆறுதலாகப் புறப்பட்டார்.